மிதக்கும் கடற்பாசி: கடலில் தடுப்பதா, கரையில் அள்ளுவதா?

கொடைக்கானல் ஏரியில் படரும் நீர்க்களையை அள்ளிக் கரையில் குவிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, கடலில் மிதந்துவரும் சர்காசம் பாசியையும் அவ்வாறே கரையில் வாரிவிடலாம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் சர்காசம் காற்றுப்பைகளின் உதவியால் நெடுந்தூரம் மிதந்து, 2011 முதல் கரீபியன் கரைகளில் பெருமளவில் ஒதுங்கி வருகிறது. 2018-இல் அட்லாண்டிக்கில் அந்தப் பாசிப்பட்டை சுமார் 8,850 கிலோமீட்டர் நீண்டு, 2 கோடி டன்னுக்கும் மேல் எடை கொண்டிருந்தது.

கரையில் அள்ளுவது எளிது, படகு தேவையில்லை. எனினும் பாசி கரையோரத்து ஆழமற்ற நீரிலேயே அழுகத் தொடங்கிவிடுகிறது. பழுப்பேறிய நீர் வெளிச்சத்தை மறைப்பதால், பவளத்தினுள் வாழும் நுண்பாசிகளும் கடற்புற்களும் உணவு தயாரிக்க இயலாமல் நலிகின்றன. ஆக்சிஜன் குறைந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு பெருகும்போது, விலகி நீந்த முடியாத உயிரினங்கள் மடிகின்றன. கனரக எந்திரங்களோ மணலையும் சேர்த்து வாரிச் செல்வதோடு ஆமைக் கூடுகளையும் நசுக்கக்கூடும்.

மிதவைத் தடுப்பு கட்டிக் கடலிலேயே சேகரிப்பது இந்த அழுகலை முன்கூட்டியே தவிர்க்கும் என்பதால், அலை மிகுந்த நாளில் தடுப்பு பயன்படாது என்ற குறையையும் மீறி, எனக்கு அதுவே ஏற்புடையது. நடுக்கடலுக்குச் சென்று அள்ளுவதை மட்டும் ஏற்க இயலவில்லை. அங்கே அந்தப் பாசி இளம் ஆமைகளுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் புகலிடம். பவளத்திட்டுக்குச் சற்று வெளியே தடுத்து, சிக்கிய உயிர்களை விடுவித்த பிறகே படகில் ஏற்ற வேண்டும். பாசியில் ஆர்சனிக் என்னும் நச்சுப்பொருள் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், உரமாக்குமுன் அதைச் சோதிப்பதும் அவசியம்.