மேசைக்குள் ஓர் அடுப்பு

கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். 2020-இல் ரைசன் 5 3600 பிராசஸர் போட்டு அசெம்பிள் செய்த கணினி, 2023 சித்திரையில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் ரெண்டரிங், நாற்பது நிமிடத்தில் முடிகிறது, ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. வெப்பநிலையைப் பார்த்தால் 95 டிகிரி. இந்தப் பிராசஸருக்கு அதுதான் உச்சவரம்பு. அதைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும்.

குற்றம் என்னுடையது. மூன்று வருடம் பெட்டியைத் திறந்ததே இல்லை. விசிறிக்கும், பிராசஸரின் சூட்டை இழுக்கும் கூலரின் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. கூலரை நான்கு திருகுகளைக் கழற்றி நேராக மேலே இழுத்தேன். பிராசஸரும் அதோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. ஏ.எம்.4 என்ற சாக்கெட் வகையில் உட்காரும் இந்தப் பிராசஸரின் அடியில் 1331 ஊசிகள். ஓரத்தில் இரண்டு சாய்ந்திருந்தன. பிளேடு முனையால் அவற்றை நிமிர்த்திய அந்தப் பத்து நிமிடமும் வீட்டில் யாரையும் பேச விடவில்லை. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது.

சுத்தம் செய்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்ததில் 88-க்கு இறங்கியது. எனக்கு அது போதவில்லை. கடையில் தண்ணீர்க் கூலரைத்தான் தள்ளிவிடப் பார்த்தார்கள். 65 வாட் பிராசஸருக்கு அது கொசுவுக்குப் பீரங்கி. பம்ப் நின்றால் வேலையும் நிற்கும். டீப்கூல் ஏ.கே.400 வாங்கினேன்: சூட்டைக் கடத்தும் குழாய்களான ஹீட் பைப் நான்கு, 120 மி.மீ. விசிறி, 155 மி.மீ. உயரம். வாங்குவதற்கு முன் கணினிப் பெட்டியான கேபினட்டுக்குள் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டேன். உயரம் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பக்கவாட்டுக் கதவை மூட முடியாமல் திண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: பழைய திருகுகளைக் கழற்றியதும் மதர்போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகடு கழன்று விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரெண்டரிங்கில் 79. நல்ல இறக்கம்தான், ஆனால் கொடுத்த காசுக்கு இன்னும் எதிர்பார்த்தேன். பிறகுதான் உறைத்தது: கேபினட் இருந்தது மேசையின் மூடிய அறைக்குள். கூலர் சூட்டை அழிப்பதில்லை, பிராசஸரிலிருந்து எடுத்துக் காற்றில் விடுகிறது, அவ்வளவுதான். அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் அதே சூடு சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. பெட்டியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஸ்டூல்மேல் வைத்தேன். 71! எட்டு டிகிரி, செலவே இல்லாமல்.

இப்போது இரண்டரை வருடம் ஆகிறது. அக்னி நட்சத்திரத்தில் அறையே 37 டிகிரி இருக்கும்போது எழுபதின் பிற்பகுதிக்குப் போகும். காற்றுக் கூலர் எதுவும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்காது. அதைக் குறை சொல்ல மாட்டேன். விசிறிச் சத்தம் எப்போதாவதுதான் காதில் விழுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிளோயரால் ஊதுகிறேன், இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு.

இந்த ஆவணியில் பேஸ்ட் மாற்றினேன். கால் மணி நேரம் ரெண்டரிங் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறிப் பேஸ்ட் இறுகுவதற்குள் கூலரை இடமும் வலமுமாகத் திருகினேன். பிராசஸர் அசையாமல் சாக்கெட்டிலேயே இருந்தது.