ரோபோ சார்ஜ்: வேலூரில் அம்மாவின் மூட்டு ஆபரேஷன்

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றியாயிற்று, வாக்கர் பிடித்து நடக்கிறார். ஆனாலும் அந்த எஸ்டிமேட் கவுன்ட்டரை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். டோக்கன், வரிசை எல்லாம் வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். எஸ்டிமேட்டில் ‘ரோபோ சார்ஜ்’ என்று தனியாகப் பெரிய தொகை. எதற்கு என்றேன். “ரோபோவே பண்ணிடும் சார், டாக்டர் பக்கத்துல நிப்பாரு” என்றார் அந்தப் பையன், தலைகூட நிமிராமல். அம்மா விருட்டென்று எழுந்துவிட்டார். “மிஷின் கையில காலைக் குடுக்க மாட்டேன். வா, குடியாத்தத்துக்கே போயிடலாம்.”

நான் இருக்கும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆபரேஷனுக்கு முன்பே நோயாளிகளை உட்காரவைத்து எல்லாம் விளக்குவார்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். இங்கே காசு கட்டுபவரிடம் இப்படிப் பொய்யான தகவலா?

எப்படியோ சமாதானம் செய்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். அங்கே ஓர் இளம் பெண் டாக்டர் லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பினார். சி.டி. ஸ்கேனை வைத்து உருவாக்கிய அம்மாவின் எலும்பு திரையில் சுழன்றது. இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால்வரை ஒரு கோடு. “இது முட்டி நடுவுல போகணும்மா. உங்களுக்கு உள்பக்கமா விலகியிருக்கு, அதான் கால் வளைஞ்சிருக்கு.”

தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் ஆணி போட்டு அடையாளக் கருவி பொருத்துவார்களாம். அகச்சிவப்புக் கேமரா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால், கால் அசைந்தாலும் எலும்பு இருக்கும் இடம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ரம்பத்தைப் பிடிப்பது டாக்டர்தான். குறித்த எல்லையைத் தாண்டப் போனால் ரம்பம் நின்றுவிடும். ஆணி போட்ட இடத்தில் சின்னத் தழும்பு இருக்கும் என்பதையும் அவரே சொன்னார்.

வலி குறையுமா என்று கேட்டேன். “அளவு துல்லியமா வரும் சார். வலியும் நடையும் சாதா முறையைவிட ரொம்ப நல்லா இருக்கும்னு ஆய்வுகள் உறுதியாச் சொல்லல.” இந்த நேர்மைக்கு அவருக்கு ஒரு கும்பிடு.

“நீயா அறுக்கப்போற கண்ணு?”

“பெரிய டாக்டர்மா. நான் கூட இருப்பேன்.”

அம்மா கையெழுத்துப் போட்டார்.

2017இல் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு மத்திய அரசு உச்ச விலை வைத்தது. ரோபோ சார்ஜ் அதில் வராது. இன்ஷூரன்ஸிலும் ரோபோ ஆபரேஷனுக்குத் தனி வரம்பு இருக்கலாம், பாலிசியைப் பாருங்கள். சாதா முறைக்கும் ரோபோ முறைக்கும் தனித்தனி எஸ்டிமேட் எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டேன், அதே கவுன்ட்டரில் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள்.