கோடோவின் பேசிக் மூவ்மென்ட் டெம்ப்ளேட்: வளவைத் தாண்டுமா?

செட்டிநாட்டு வீடு, ஓடிக் குதித்துத் தாண்டிப் போகும் பிளாட்ஃபார்மர் கேமுக்கென்றே கட்டியது மாதிரி இருக்கும். முகப்பில் நின்றால் வளவு என்கிற திறந்த நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோடு. காரைக்குடிப் பக்கம் காலேஜ் பிராஜெக்ட்டுக்கு அப்படி ஒரு கேமைத் தொடங்குகிறவர்களுக்கு, முதல் நாளே ஓடிக் குதிக்கும் கேரக்டர் வேண்டுமென்றால் கோடோ 4 என்கிற கேம் எஞ்சினில் கூடவே வரும் இந்த டெம்ப்ளேட், அதாவது எழுதித் தயாராக இருக்கும் ஸ்கிரிப்ட், போதும். இரண்டாவது வாரத்துக்குப் போதாது.

கேரக்டர்பாடி2டி நோடைத் (கேமைக் கட்டும் துண்டுகளுக்குக் கோடோவில் நோட் என்று பெயர்) தேர்ந்தெடுத்து 'அட்டாச் ஸ்கிரிப்ட்' கொடுங்கள். வரும் பெட்டியில் டெம்ப்ளேட் என்ற இடத்தில் டிக் இருக்கிறதா, பக்கத்தில் 'பேசிக் மூவ்மென்ட்' என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிரியேட் அழுத்தினால் முப்பது வரிக்குள் ஒரு ஸ்கிரிப்ட் கிடைக்கும். ஈர்ப்பு, குதி, இடது-வலது, கடைசியில், கேரக்டரை நகர்த்தி மோதலையும் பார்த்துக்கொள்ளும் 'மூவ் அண்ட் ஸ்லைட்'. அவ்வளவுதான். எஞ்சின் இலவசம், எம்ஐடி உரிமம், இன்ஸ்டால் செய்யும் வேலையும் கிடையாது. லேபில் பழைய கம்ப்யூட்டர் என்றால் பிராஜெக்ட் தொடங்கும்போதே, படத்தைத் திரையில் வரையும் ரெண்டரரைக் 'கம்பாட்டிபிலிட்டி' என்று வைத்துவிடுங்கள்.

ஓடவிட்டதும் கேரக்டர் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போனால் டெம்ப்ளேட்டைத் திட்ட வேண்டாம். ஒன்று, மோதலுக்கான எல்லையைச் சொல்லும் கொலிஷன் ஷேப் போட்டிருக்க மாட்டீர்கள். நோடின் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் அதைத்தான் சொல்கிறது. இல்லையென்றால், ஆத்தங்குடிக் கல் மாதிரி அழகாக வரைந்த டைல்செட்டில் (தரையை அடுக்கும் சதுரப் படங்களின் தொகுப்பு) பிசிக்ஸ் லேயர் சேர்த்திருக்க மாட்டீர்கள். லேயரைச் சேர்த்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு டைலுக்கும் கொலிஷன் வடிவத்தையும் வரைய வேண்டும்.

இனி எண்களுக்கு வருவோம். டெம்ப்ளேட்டில் வேகம் 300, குதிக்கும் வேகம் -400. கோடோவில் ஒய் அச்சு கீழ்நோக்கிப் போவதால்தான் அந்தக் கழித்தல் குறி. பிராஜெக்ட் செட்டிங்ஸில் ஈர்ப்பு 980. 400-ஐ வர்க்கப்படுத்தி, 980-இன் இரு மடங்கால் வகுத்தால் குதிக்கும் உயரம் ஏறக்குறைய 82 பிக்சல். 16 பிக்சல் டைலில் ஐந்து டைல். திண்ணை ஏறலாம், ஆறு டைல் உயர மாடி விளிம்பு எட்டாது. காற்றில் இருக்கும் நேரம் 0.82 விநாடி, அதற்குள் கடக்கும் தூரம் 245 பிக்சல்.

வளவின் இந்தப் பக்கத்து ஓட்டுக் கூரையிலிருந்து எதிர்க்கூரைக்கு 16 டைல், அதாவது 256 பிக்சல் இடைவெளி விட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கேரக்டரின் அகலம் 16 பிக்சல் கைகொடுப்பதால் கணக்குப்படி தாண்டிவிடும். ஆனால் ஒரு பிரேமுக்கு (விநாடிக்கு 60 பிரேம்) 5 பிக்சல் ஓடுகிற கேரக்டர், விளிம்பின் கடைசி ஓரிரு பிரேமில் பட்டனை அமுக்கினால்தான் அது நடக்கும். விளையாடுகிறவர் பத்து தடவை விழுந்து கேமை மூடிவிடுவார்.

சரிசெய்ய, வேண்டிய உயரத்தையும் உச்சிக்குப் போகும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள். 104 பிக்சல், 0.4 விநாடி என்றால் குதிக்கும் வேகம் 2 × 104 ÷ 0.4 = 520; ஈர்ப்பு 2 × 104 ÷ 0.16 = 1300. ஆறு டைல் விளிம்பு ஏறிவிடும். காற்றில் இருக்கும் நேரம் 0.8 விநாடி, அதனால் தாண்டும் தூரம் அதிகம் மாறாது. வளவுக்கு வேகத்தை 340 ஆக்கினால் 272 பிக்சல். இதோடு, விளிம்பை விட்ட பிறகும் 0.1 விநாடி, அதாவது 6 பிரேம் வரை குதிக்க அனுமதியுங்கள். 'கயோட்டி டைம்' என்கிற இந்தச் சலுகை டெம்ப்ளேட்டில் இல்லை. பட்டனைச் சீக்கிரம் விட்டால் சின்னக் குதி என்பதும் இல்லை. பட்டன் விடும் கணத்தில் மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் செங்குத்து வேகத்தைப் பாதியாக்கினால் வந்துவிடும்.

பெரிய ஏமாற்று ஒன்று கடைசி வரிகளில் இருக்கிறது. பட்டனை விட்டதும் 'மூவ் டுவர்ட்' மூலம் வேகத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவருகிறது. பார்த்தால் மெல்ல நிற்கும் என்று தோன்றும். மூன்றாவது மதிப்பாகக் கொடுத்திருப்பது முழு வேகமான 300. அதனால் ஒரே பிரேமில் கேரக்டர் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. அந்த இடத்தில் 1500 × டெல்டா (ஒரு பிரேமுக்கு ஆகும் நேரம்) என்று போடுங்கள்: வேகம் 300 என்றால் 0.2 விநாடியில், 30 பிக்சல் வழுக்கி நிற்கும். பளபளவென்ற தரைக்கு அது பொருத்தம். டெல்டாவை இங்கே பெருக்கலாம். மூவ் அண்ட் ஸ்லைடுக்குப் போகும் வேகத்தில் பெருக்கக் கூடாது, அது தானே பெருக்கிக்கொள்ளும். பெருக்கினால் கேரக்டர் நகர்வதே தெரியாது.

கீகளுக்கு 'யூஐ ஆக்செப்ட்' போன்ற மெனு ஆக்‌ஷன்களையே கடன் வாங்கியிருக்கிறார்கள். மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஸ்கிரிப்டிலேயே குறிப்பும் எழுதியிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. விளைவு: திரை மூலையில் இருக்கும், கேமை இடைநிறுத்தும் பாஸ் பட்டனை ஒருமுறை மவுஸால் கிளிக் செய்தால் ஃபோகஸ், அதாவது கீபோர்டைக் கேட்கும் உரிமை, அதிலேயே தங்கிவிடும். அடுத்து ஸ்பேஸ் தட்டிக் குதித்தால் கேம் இடைநின்றுவிடும். இன்புட் மேப்பில் 'குதி', 'இடது', 'வலது' என்று சொந்த ஆக்‌ஷன்களை உருவாக்குங்கள், பட்டனின் ஃபோகஸ் மோடை 'நன்' ஆக்குங்கள், இரண்டும் தேவை. போனில் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் டெம்ப்ளேட்டில் தொடுதிரைக்கு எதுவுமே இல்லை; டச்ஸ்கிரீன்பட்டன் நோடுகளை வைத்து, அவற்றின் ஆக்‌ஷன் இடத்தில் இதே பெயர்களைக் கொடுக்க வேண்டும்.

யூடியூப் வீடியோ பார்த்து வரிகளைக் கலக்கிறவர்கள் பதிப்பைக் கவனியுங்கள். 4.2 வரை ஈர்ப்பைப் பிராஜெக்ட் செட்டிங்ஸிலிருந்து ஒரு மாறியில் எடுத்தார்கள், 4.3 முதல் 'கெட் கிராவிட்டி'. கோடோ 3 பாடங்களில் இருப்பது கைனமேட்டிக்பாடி என்கிற பழைய நோட், அது இங்கே ஓடவே ஓடாது.

திருத்தியதை அடுத்த பிராஜெக்ட்டுக்கும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. இந்த வசதிக்கே தனி மதிப்பெண் கொடுக்கலாம். பிராஜெக்டில் 'ஸ்கிரிப்ட் டெம்ப்ளேட்ஸ்' என்ற ஃபோல்டர், அதற்குள் கேரக்டர்பாடி2டி என்ற ஃபோல்டர், அதற்குள் உங்கள் ஸ்கிரிப்ட். ஃபோல்டர் பெயர் நோடின் பெயரோடு எழுத்துப் பிசகாமல் பொருந்தினால் அட்டாச் பெட்டிப் பட்டியலில் அதுவும் வந்துவிடும்.