குறிப்பெடுக்க கீப்பா, அப்சிடியனா?

பாதி வேலையை ரயிலிலேயே முடிப்பவள் நான். போனில் எழுதியது வீட்டு மடிக்கணினியிலும் திறக்க வேண்டும். அதுதான் என் முதல் தேவை.

2013-இல் வந்த கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலி அதை அலட்டிக்கொள்ளாமல் செய்கிறது. கூகுள் கணக்கு இருந்தால் போதும். மளிகைப் பட்டியலில் அம்மாவையும் சேர்த்திருக்கிறேன். அவர் ஊரிலிருந்து ‘துவரம்பருப்பு ஒரு கிலோ’ என்று எழுதினால், கடை வாசலில் நிற்கும் என் திரையில் அந்த வரி வந்துவிடுகிறது.

நீண்ட எழுத்துக்கு அது தாங்காது. அங்கே அப்சிடியன் என்ற இன்னொரு குறிப்புச் செயலிதான். ஒவ்வொரு குறிப்பும் மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு வடிவில், சாதாரண எழுத்துக் கோப்பாக நம் சாதனத்திலேயே இருக்கிறது. நாளை அந்தச் செயலியே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். பல வருட உழைப்பை ஒப்படைக்க எனக்கு இந்த உறுதி வேண்டும். இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பை எழுதினால் அந்தக் குறிப்போடு முடிச்சு விழுகிறது. கட்டுரை எழுதும்போது மறந்துபோன எண்ணமெல்லாம் எதிரே வந்து நிற்கிறது. லினக்ஸிலும் ஓடும்.

ஆனால் சாதனங்களுக்கிடையே ஒத்திசைக்க அவர்களது சேவைக்குத் தனிக் கட்டணம் உண்டு. வேண்டாமென்றால் ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுட் போன்ற வேறு வழியை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவிடம் அதைச் சொல்ல மாட்டேன், அவருக்குக் கீப்தான்.