இன்கா தடத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு வேறு மலையில் நடக்கவிட்டார்கள்: மச்சு பிச்சு செல்வோர் கவனத்துக்கு

பெரு நாட்டின் இன்கா தடத்தில் நான்கு நாள் நடந்து, இன்காக்களின் பழைய மலை நகரமான மச்சு பிச்சுவை அடையத் திட்டமிடுபவர்கள், குஸ்கோ நகரில் இயங்கும் பயண முகவர்களிடம் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நானும் என் நண்பர்களும் அந்தத் தடத்துக்குரிய முழுக் கட்டணத்தையும் செலுத்தியிருந்தும், அதில் ஓர் அடிகூட வைக்காமல், அந்தத் தடத்துக்கு வேண்டிய அனுமதிச் சீட்டே தேவைப்படாத சல்காந்தாய் மலைப்பாதைக்கு அனுப்பப்பட்டோம். சல்காந்தாய் பாதையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. 6,271 மீட்டர் உயரமுள்ள அந்தப் பனிச்சிகரத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்காகவே பலர் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை அதன் பெயரில், அதன் விலைக்கு விற்றிருந்தால் இந்தப் பதிவுக்கே இடமிருந்திருக்காது.

இந்த ஏமாற்று எப்படிச் சாத்தியமாகிறது என்பது புரிய, இன்கா தடத்தின் அனுமதி முறையை அறிந்திருக்க வேண்டும். அந்தத் தடத்தில் ஒரு நாளைக்கு 500 பேர் மட்டுமே நுழையலாம். வழிகாட்டிகள், சுமை தூக்குவோர், சமையல்காரர்கள் அனைவரும் அந்தக் கணக்கிலேயே அடங்குவதால் பயணிகளுக்கு எஞ்சுவது ஏறத்தாழ 200 இடங்கள்தான். தனியாக நடக்க அனுமதி இல்லை. உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாகவே சீட்டு எடுக்க முடியும். ஒவ்வொரு சீட்டும் பயணியின் பெயரிலும் கடவுச்சீட்டு எண்ணிலும் பதிவு செய்யப்படுகிறது. அதை மற்றவருக்கு மாற்றித் தரவோ, தேதியை மாற்றவோ, பணத்தைத் திரும்பப் பெறவோ வழியில்லை. மே முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட பருவத்துக்குரிய இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன. பிப்ரவரி மாதத்தில் தடம் முழுமையாக மூடப்படுகிறது. தேவை மிகுதியாகவும் இடம் குறைவாகவும் உள்ள இந்த இடைவெளியில்தான், கையில் சீட்டு இல்லாமலே அதை விற்கும் முகவர்கள் பிழைக்கிறார்கள்.

எங்களுக்கு வாய்த்த முகவர் அலுவலகம் மின்னஞ்சலில் மிகப் பணிவாகவே பேசியது. நாங்கள் கேட்ட தேதியில் இடம் இல்லை என்று முதலில் கூறிய அவர்கள், அடுத்த நாளே, ஒரு குழுவினர் பயணத்தைக் கைவிட்டதால் அவர்களுடைய இடங்கள் எங்களுக்குக் கிடைத்திருப்பதாகவும், உடனே முன்பணம் அனுப்பினால் பெயரை மாற்றிப் பதிவு செய்துவிடுவதாகவும் எழுதினார்கள். பெயர் மாற்றம் என்பதே நடைமுறையில் இல்லாத ஒன்று என்பதால், அந்த ஒரு வரியிலேயே பொய் வெளிப்பட்டிருந்தது. பணம் சென்ற பிறகு உறுதிச்சீட்டு என்ற பெயரில் அழகான தாள் ஒன்று வந்தது. நிறுவனத்தின் முத்திரை, எங்கள் பெயர்கள், மச்சு பிச்சுவின் வண்ணப்படம் எல்லாம் அதில் இருந்தன. அனுமதி வழங்கும் பெரு நாட்டுப் பண்பாட்டு அமைச்சகத்தின் முன்பதிவுக் குறியீடு மட்டும் இல்லை.

புறப்படுவதற்கு முந்தைய மாலை குஸ்கோவில் நடந்த விளக்கக் கூட்டத்தில், மண்சரிவு காரணமாகத் தொடக்க இடம் மாற்றப்பட்டிருப்பதாகவும், வேறு பக்கமாக ஏறி இரண்டாம் நாள் இன்கா தடத்தில் சேர்ந்துகொள்வோம் என்றும் சொன்னார்கள். விடியுமுன் கிளம்பிய வண்டி உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பாமல், சல்காந்தாய் பாதைக்குச் செல்லும் வழியிலுள்ள மொல்யெபாத்தா ஊரை நோக்கிச் சென்றது. உண்மையான தடம் குஸ்கோவிலிருந்து மச்சு பிச்சு செல்லும் ரயில் பாதையின் 82ஆம் கிலோமீட்டரில் தொடங்குகிறது. அங்கே ஒரு சோதனைச் சாவடி உண்டு; கடவுச்சீட்டையும் அனுமதியையும் ஒப்பிட்டுப் பார்த்து, சுமை தூக்குவோரின் மூட்டைகளை எடை போட்ட பிறகே உள்ளே விடுவார்கள். எங்கள் கடவுச்சீட்டை அன்று யாருமே கேட்கவில்லை.

நடை தொடங்கிய இடத்தில் எங்கள் கூடாரங்களையும் பைகளையும் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றியபோது, பக்கத்தில் நின்ற வேறொரு குழுவின் வழிகாட்டி விஷயத்தை உடைத்தார். இன்கா தடத்தில் சுமை விலங்குகளுக்கே அனுமதி கிடையாது, எல்லாச் சுமையையும் மனிதர்களே தூக்குகிறார்கள், மண்சரிவு என்பதும் கதை என்று அவர் சொன்ன பிறகு எங்கள் வழிகாட்டி எதையும் மறுக்கவில்லை. அந்த இளைஞருக்கு நான் பரிந்து பேச வேண்டியிருக்கிறது. சல்காந்தாய் குழு என்று சொல்லித்தான் அவரையும் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். நாங்கள் எதற்குப் பணம் கட்டினோம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இதை வெறும் பண இழப்பாக மட்டும் பார்க்கக் கூடாது. இன்கா தடத்தின் மிக உயர்ந்த இடமான வார்மி வன்யுஸ்கா கணவாய் 4,215 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சல்காந்தாய் கணவாயோ ஏறத்தாழ 4,600 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதியைச் சற்றே தாண்டும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. முதல் இரவு தங்கும் சொராய்பம்பாவே 3,900 மீட்டர் உயரத்தில் உள்ளதால் இரவுக் குளிரும் கடுமையானது. நாங்கள் கொண்டு சென்ற உடைகளும் உறக்கப் பைகளும் அந்தக் குளிருக்கு ஏற்றவையாக இல்லை. என் நண்பர் ஒருவர் தலைவலியும் வாந்தியுமாகத் துவண்டு, கணவாயைக் கோவேறு கழுதை மீது அமர்ந்தே கடந்தார். அதற்கும் தனியாகக் கூலி வாங்கினார்கள்.

இழந்தது என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்கா தடத்தின் ஏறத்தாழ 43 கிலோமீட்டரில் ருன்குராக்காய், சயாக்மார்க்கா, புயுபத்தமார்க்கா, வின்யாய் வாய்னா எனக் கற்கட்டடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. நடக்கும் தரையின் பெரும்பகுதியே இன்காக்கள் பதித்த கல். கடைசி நாள் சூரிய வாயில் எனப்படும் இன்டி புன்கு வழியாக மேலிருந்து மச்சு பிச்சுவுக்குள் இறங்குவார்கள். சல்காந்தாய் பாதையில் வருபவர்களோ நீர்மின் நிலையத்திலிருந்து ரயில் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து அகுவாஸ் காலியெந்தேஸ் ஊரை அடைந்து, மறுநாள் மற்றச் சுற்றுலாப் பயணிகளைப் போலவே கீழிருந்து பேருந்தில் ஏறிச் செல்கிறார்கள். இன்கா தட அனுமதியில் மச்சு பிச்சு நுழைவும் அடங்கும். எங்களிடம் அது இல்லாததால், தளர்ந்த கால்களோடு அந்த ஊரில் நுழைவுச்சீட்டுக்காக வரிசையில் நின்று, கிடைத்த நேரத்துக்கு வாங்க வேண்டியிருந்தது.

ஆகவே பணம் கொடுக்குமுன் முகவரிடம் அமைச்சகத்தின் முன்பதிவுக் குறியீட்டைக் கேளுங்கள். உங்கள் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் அதில் எழுத்துப் பிசகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். எந்தத் தேதிக்கு எத்தனை இடங்கள் எஞ்சியுள்ளன என்பதை அமைச்சகத்தின் இணையதளத்திலேயே காணலாம். அங்கே சுழியம் என்றிருக்கும் நாளுக்கு ஒருவர் இடம் தருவதாகச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பயண நிரலில் 82ஆம் கிலோமீட்டரோ, குறுகிய இரண்டு நாள் நடைக்குரிய 104ஆம் கிலோமீட்டரோ தொடக்கமாகக் குறிப்பிடப்படவில்லை என்றால் அது இன்கா தடம் அன்று. 'மாற்று இன்கா தடம்' போன்ற பெயர்களில் விற்கப்படுபவை வேறு பாதைகள். பைகளைக் குதிரையோ கழுதையோ சுமக்கும் என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான்.

ஏமாற்றப்பட்டுவிட்டால் குஸ்கோவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே செயல்படுங்கள். பெருவில் பொதுமக்களுக்குச் சேவை விற்கும் நிறுவனங்கள் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்கி எழுதி, நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். இபெரு என்ற அரசுச் சுற்றுலா உதவி அலுவலகம் வழிகாட்டும். நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான இந்தெகோபியிடமும் முறையிடலாம். நாங்கள் மூன்றையும் செய்தோம். முன்பணத்தைக் கடன் அட்டையில் செலுத்தியிருந்ததால் அந்தத் தொகையை வங்கி வழியாக மீட்க முடிந்தது. குஸ்கோவில் ரொக்கமாகக் கொடுத்த மீதிப் பணத்துக்கு முகவர் ரசீதே தரவில்லை என்பதால் அது இன்னும் வழக்கில் இருக்கிறது. அந்தத் தொகைக்கு ஈடாக, அடுத்த ஆண்டு வந்தால் இன்கா தடத்துக்குத் தள்ளுபடி தருவதாக அதே அலுவலகம் இப்போது எழுதியிருக்கிறது.