ஃபாக்ஸ்பாடி மஸ்டாங்ல பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்: சில வருஷம் ரோட்லயும் ட்ராக்லயும் ஓட்டிப் பாத்ததுல

கட்-ஆஃப் சுவிட்ச், அதாவது வண்டிக்கு போற மொத்த கரண்டையும் ஒரே தட்டுல நிறுத்தற சுவிட்ச், மாட்டறது பெரிய வேலை இல்லங்க, ஒரு சனிக்கிழமை மதியத்துல முடிஞ்சிரும். ஆனா ஓடிட்டிருக்கற இன்ஜினை அது நெசமாவே நிறுத்துதான்னா, அங்கதான் மொத்த கதையும் இருக்கு. நிறைய ரிவ்யூல "சூப்பரா இருக்கு, கனமா இருக்கு"ன்னு எழுதிட்டு போயிடறாங்க, அந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்றதில்ல.

நம்ம வண்டி 1990 ஃபோர்டு மஸ்டாங் எல்எக்ஸ் ஹேட்ச்பேக் (இந்தத் தலைமுறை மஸ்டாங்கைத்தான் ஃபாக்ஸ்பாடின்னு சொல்வாங்க), 5.0 வி8. டெட்ராய்ட் பக்கம் இருக்கேன், ட்ரெய்லர்லாம் கிடையாது, கோடை முழுக்க ஆபீஸ் போறதும் இதே வண்டி, மிலன் டிராக்வேங்கற ரேஸ் ட்ராக்ல டெஸ்ட் அண்ட் ட்யூன் நைட்டுக்கு (போட்டி இல்லாம சும்மா ஓட்டிப் பாக்கற ராத்திரி) போறதும் இதே வண்டி. அதனால முழு ரேஸ் கார் வெச்சிருக்கவங்க சொல்ற பாதி அட்வைஸ் நமக்கு ஒத்து வராது.

முதல்ல ஏன் போட்டேன்னா, பேட்டரியை பின்னாடி மாத்துனதால. கம்பெனில பேட்டரி முன்னாடி வலது பக்கம் இருக்கும், 18 கிலோ கிட்ட வெயிட்டு. லான்ச் பண்றப்ப, அதாவது நின்ன இடத்துலருந்து சடார்னு கிளப்பறப்ப, டிரைவ்ஷாஃப்ட் முறுக்குல லேசாகறது வலது பின் சக்கரம்தான், அந்த வெயிட்டை தூக்கி அங்கயே வெச்சா முன்னாடியும் குறையும், பின்னாடி கிரிப்பும் ஏறும். ஆனா பேட்டரி இடம் மாறிட்டா அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ ரூல்படி மாஸ்டர் கட்-ஆஃப் கட்டாயம், வண்டி எவ்ளோ ஸ்லோவா இருந்தாலும் சரி. வண்டியோட பின்கோடில, வெளில நிக்கறவன் கைக்கு எட்டற மாதிரி, பாசிடிவ் லைன்ல, ஒரே ஒரு சுவிட்ச். ஆஃப் எந்தப் பக்கம்னு தெளிவா எழுதியிருக்கணும். ராடு வெச்ச டைப்னா தள்ளுனா ஆஃப், இழுத்தா ஆன், அந்த ராடும் 1/8 இன்ச்சுக்கு குறையக்கூடாது. பிளாஸ்டிக் சுவிட்ச், சாவி போட்டு திருப்பற சுவிட்ச் ரெண்டுக்கும் அனுமதி இல்ல. கவுந்து கிடக்கற வண்டிகிட்ட ஓடி வர்றவன் சாவி எங்கன்னு தேடிட்டு நிக்க முடியாதுல்ல.

ஹேட்ச்பேக்காரங்களுக்கு இன்னொரு தலைவலி. நம்ம வண்டில டிக்கிக்கும் டிரைவர் இடத்துக்கும் நடுவுல தடுப்பே கிடையாது. அதனால நான் 0.024 இன்ச் தகட்டுல மூடுன பாக்ஸ் வாங்கி, பேட்டரியை அதுக்குள்ள வெச்சு, கேஸ் வெளில போக ட்யூபை தரைக்கு கீழ இறக்கிட்டேன். டிக்கி தனியா இருக்கற கூப்பே வெச்சிருக்கவங்க தடுப்புத் தகடு அடிச்சாலும் போதும்.

சரி, மேட்டருக்கு வருவோம். பேட்டரி கேபிளை மட்டும் சுவிட்ச் வழியா விட்டா என்ன ஆகும்? இன்ஜின் ஓடிட்டிருக்கப்ப சுவிட்ச்சை தட்டுனா பேட்டரி மட்டும்தான் கழண்டுக்கும், இன்ஜின் சுத்தறப்ப கரண்ட் தயாரிக்கற ஆல்டர்நேட்டர் பாட்டுக்கு இக்னிஷனுக்கும் ஃப்யூயல் பம்ப்புக்கும் கரண்ட் குடுத்துட்டே இருக்கும். வண்டி நிக்காது. அது மட்டும் இல்ல, சார்ஜ் ஏறிட்டிருக்கற நேரத்துல பேட்டரி திடீர்னு விலகுனா வோல்டேஜ் தூக்கி அடிக்கும், அதைத்தான் லோட் டம்ப்னு சொல்வாங்க, ஆல்டர்நேட்டர் டயோடும் போகலாம், இன்ஜின் கம்ப்யூட்டரும் போகலாம். பாதுகாப்புக்குன்னு போட்டது வேலில போற ஓணானை எடுத்து வேட்டில விட்ட மாதிரி ஆயிடும்.

இதுக்கு வழி ரெண்டு மூணு இருக்கு. நாலு டெர்மினல் சுவிட்ச் வாங்கி, சின்ன டெர்மினல் ரெண்டுல ஆல்டர்நேட்டர் ஃபீல்டையோ (அதை கரண்ட் தயாரிக்க வைக்கற வயரு) இக்னிஷனுக்கு போற கரண்டையோ கட் பண்ணலாம். வேலை செய்யும், ஆனா அந்த மெல்லிசு வயரு முன்னாடிலருந்து பின்னாடி போயி திரும்ப முன்னாடி வரணும், வண்டி ஓடறதே அந்த குட்டி காண்டாக்ட்ட நம்பித்தான்னு ஆயிடும். மழைல ஹைவேல போறப்ப எனக்கு அது பிடிக்கல.

நான் பண்ணது, ஆல்டர்நேட்டரோட சார்ஜ் கேபிளை நேரா பின்னாடி வரைக்கும் இழுத்து சுவிட்ச்சோட பேட்டரி பக்க ஸ்டட்ல (கேபிள் மாட்டற போல்ட்டு) குடுத்துட்டேன். ஃபெண்டர்ல இருக்கற ஸ்டார்ட்டர் ரிலே, ஃப்யூஸ் லிங்க், மத்த எல்லாமே சுவிட்ச்சோட இன்னொரு பக்கம். இப்ப சுவிட்ச் ஆஃப் ஆனா ஆல்டர்நேட்டர் பேட்டரியோட ஒட்டிட்டேதான் இருக்கும், ஸ்பைக் வராது, காருக்கு மட்டும் கரண்ட் போகாது, இன்ஜின் செத்துரும். ஆல்டர்நேட்டர் 1994லருந்து மஸ்டாங்ல வந்த 130 ஆம்பியர் 3ஜி (ஃபோர்டோட மூணாவது தலைமுறை ஆல்டர்நேட்டர்), பழசோட பிளக் உருகற பிரச்சனை ஃபாக்ஸ்பாடிகாரங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வோல்டேஜ் எவ்ளோன்னு பாக்கற சென்ஸ் வயரை அதோட ஸ்டட்லயே போட்டுட்டு, கேபிளை 2 கேஜ்ல தடியா எடுத்தேன், பேட்டரில 14 வோல்ட்டுக்கு மேல நிக்குது, போதும்.

இதுல ஒரு குறை இருக்கு, அதை மறைக்கறது தப்பு. சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் அந்த சார்ஜ் கேபிள்ல பேட்டரி கரண்ட் முன்னாடி வரைக்கும் உயிரோடதான் இருக்கும். முன்னாடி அடி வாங்கி அந்த கேபிள் நசுங்குனா நெருப்புதான். அதனால பேட்டரிக்கு பக்கத்துலயே 175 ஆம்பியர் மெகா ஃப்யூஸ், முன்னாடி இல்ல, பேட்டரி முனைல. ஓட்டறப்ப அந்த ஃப்யூஸ் போனாலும் வண்டி உடனே நிக்காது, பேட்டரில கொஞ்ச தூரம் ஓடும். தகடு வழியா போற ஒவ்வொரு ஓட்டைலயும் ரப்பர் க்ரோமெட், ரெண்டு ஸ்டட்டுக்கும் ரப்பர் மூடி. இதெல்லாம் இல்லாம சும்மா சுவிட்ச் மட்டும் மாட்டுனா நான் அந்த வண்டில உக்கார மாட்டேன்.

டெஸ்ட் பண்றது எப்படின்னு கேட்டா, ஐடில்ல, அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம சும்மா ஓட விட்டு, பண்ணி பாத்துட்டு சந்தோஷப்படாதீங்க. ஐடில்ல ஆல்டர்நேட்டர் வீக்கா இருக்கும், சுவிட்ச் தட்டுனதும் வோல்டேஜ் சரிஞ்சு இன்ஜின் தானா நின்னுடலாம், வயரிங் தப்பா இருந்தாலும்தான். ஹெட்லைட், ஃபேன், ஹீட்டர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு 3000 ஆர்பிஎம்ல பிடிச்சு வெச்சு, இன்னொருத்தரை விட்டு ராடை தள்ளச் சொல்லுங்க, ஆனா முதல்ல வயரிங்கை ஒரு தடவை பாத்துட்டு பண்ணுங்க, ஏன்னா வயரிங் தப்பா இருந்தா லோட் டம்ப் வர்றதே இந்த டெஸ்ட்லதான். வயரிங் சரின்னா டக்குனு நிக்கணும், திக்கித் திக்கி நிக்கக்கூடாது. டெக் இன்ஸ்பெக்ஷன்லயும் (ட்ராக்ல ஓட விடறதுக்கு முன்னாடி பண்ற செக்கிங்) இதான் பாக்கறாங்க, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு பின்னாடி போயி அவங்களே உள்ளங்கையால ஒரு தள்ளு. ஒரு வார்த்தை பேசாம ஸ்டிக்கர் ஒட்டிட்டு அடுத்த வண்டிக்கு போயிடுவாங்க.

இப்ப ரோடு கதை. ஒவ்வொரு தடவை ஆஃப் பண்றப்பவும் ரேடியோ ஸ்டேஷன், கடிகாரம் எல்லாம் போயிரும், அது பரவால்ல. பழைய ஈஇசி-4 கம்ப்யூட்டர் கத்துக்கிட்டதையும் மறந்துரும், அப்புறம் கொஞ்ச தூரம் ஐடில் ஏறி இறங்கி ஆடிட்டே இருக்கும். இதுக்காக சிலர் சுவிட்ச்சை சுத்தி சின்ன ஃப்யூஸ் போட்ட வயர் ஒண்ணு விடறாங்க, மெமரி நிக்கும்னு. அப்படி விட்டா சுவிட்ச் எல்லாத்தையும் கட் பண்ணணுங்கற ரூலே உடைஞ்சு போச்சு, டெக்ல கண்டுபிடிச்சா திருப்பி அனுப்பிடுவாங்க. நான் தினமும் தட்டறதில்ல, ரெண்டு மூணு நாளுக்கு மேல வண்டி நிக்கும்னா மட்டும்தான். விண்டர்ல இதுதான் பெரிய லாபம், நவம்பர்ல ஆஃப் பண்ணி பேட்டரி பக்கம் மெயின்டெய்னர் (மெதுவா சார்ஜ் ஏத்திட்டே இருக்கற சார்ஜர்) மாட்டி விட்டா ஏப்ரல்ல ஒரே கிராங்க்ல ஸ்டார்ட்.

திருட்டுக்கு உதவும்னு சொல்றவங்க இருக்காங்க. ஓரளவுக்கு. வெளில நீட்டிக்கிட்டு இருக்கற ராடு திருடனுக்கும் தெரியும்ல. திருடனை விட பெரிய தொல்லை வேடிக்கை பாக்க வர்றவங்க. ஆகஸ்ட்ல உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் (எங்க ஊர் பக்கம் நடக்கற பழைய கார் திருவிழா) அப்போ பானெட்டைத் தூக்கி வெச்சுட்டு நிக்கறேன், ரேடியோ பாடிட்டு இருந்தது திடீர்னு கட். நான் ஃப்யூஸ் பாக்ஸ்ல தலைய விட்டு தேடிட்டு இருக்கேன், பின்னாடி நம்பர் பிளேட்டுகிட்ட ஒரு ஆறேழு வயசு பையன் கட்டை விரலால ராடை அமுக்கிட்டு என்னை பாத்து சிரிக்கறான், அவங்கப்பா முகம் போன போக்கை பாக்கணுமே! அதுக்கப்புறம் ராடோட வெளி நீளத்தை குறைச்சேன், சுத்தி ஒரு சின்ன வளையம் வெச்சேன், உள்ளங்கைக்கு எட்டும், சும்மா இடிச்சா படாது.

லாங் டெர்ம்ல உண்மையான எதிரி உப்பு. மிச்சிகன் ரோட்ல ஏப்ரல்லயும் உப்புத் தண்ணி தெறிக்கும், நேரா சுவிட்ச் இருக்கற இடத்துக்குதான் போகும். வெளில பளபளன்னு இருக்கும், உள்ள காண்டாக்ட் கறுத்துட்டு வரும். இதை கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும், ரெண்டு ப்ரோபையும் சுவிட்ச்சோட ரெண்டு ஸ்டட்ல வெச்சு ஒருத்தரை கிராங்க் பண்ணச் சொல்லுங்க, 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்ல சுவிட்ச். 0.2 தாண்டுச்சுன்னா கணக்கு போட்டுக்கோங்க, ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்குதுன்னா 40 வாட் சூடு அந்த குட்டி டப்பாக்குள்ள. என்னோட முதல் சுவிட்ச் மூணாவது வருஷ ஸ்ப்ரிங் சீசன்ல இந்த நிலைமைக்கு வந்துச்சு, சூடான இன்ஜினை திரும்ப ஸ்டார்ட் பண்றப்ப மெதுவா சுத்துச்சு, ஸ்டார்ட்டர் போச்சுன்னு நினைக்கற மாதிரி இருக்கும். பிராண்ட் பேரு வேணாம், விலை குறைஞ்ச ஐட்டம். இப்ப இருக்கறது மெட்டல் பாடி, தடியான காப்பர் ஸ்டட், விலை ரெண்டு மடங்குக்கு மேல, ஸ்டட்ல டைஎலெக்ட்ரிக் க்ரீஸ் தடவி டிக்கி உள்பக்கமா மாட்டிருக்கேன், ராடு மட்டும்தான் வெளில. ரீடிங் இன்னும் ஏறல.

பேட்டரி முன்னாடியே இருக்கற வண்டிக்கு இதெல்லாம் அவசியமான்னு ஒரு நண்பர் கேட்டாரு. உங்க க்ளாஸ் ரூல்ல கேக்கலன்னா வேணாம், சும்மா விண்டருக்காகன்னா நெகடிவ் டெர்மினல்ல மாட்டற சின்ன டிஸ்கனெக்ட் போதும், ட்ராக்ல மட்டும் அதை கட்-ஆஃப்னு காட்டாதீங்க.