லண்டன் வணிகரின் கடைசிக் கணக்கு: நித்தியக் கட்டளையா, முப்பது பூசையா?

15ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒரு தையற்காரரோ மளிகை வியாபாரியோ உயில் எழுத உட்கார்ந்தால், அவருடைய அசையும் சொத்தை ஊர் வழக்கமே மூன்றாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு பங்கு மனைவிக்கு, ஒரு பங்கு பிள்ளைகளுக்கு. மிச்சம் மூன்றில் ஒன்றுதான் அவர் இஷ்டத்துக்கு. அதை 'இறந்தவர் பங்கு' என்றே சொன்னார்கள். மோட்சத்துக்குப் போகுமுன் ஆன்மா பாவத்துக்கான தண்டனையை அனுபவிக்கும் இடமாகக் கத்தோலிக்கர் நம்பிய உத்தரிக்கிற ஸ்தலத்தில் தன் ஆன்மா படப்போகும் பாட்டை அந்தப் பணத்தால் எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி.

உயிலின் முதல் தருமம் அநேகமாக எல்லோருக்கும் ஒன்றுதான்: அவரவர் வட்டாரத்துத் தேவாலயத்தின் பெரிய பீடத்துக்குக் கொஞ்சம் பணம், 'மறந்துபோன தசமபாகத்துக்காக', அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றாகத் திருச்சபைக்குச் செலுத்த வேண்டியதற்காக. கட்டாமல் விட்ட பாக்கியைக் கடைசி நேரத்தில் தீர்க்கிற ஏற்பாடு. தேர்வு என்பது அதற்கப்புறம்தான் வருகிறது.

பணக்காரரின் கனவு நிரந்தரப் பூசைக் கட்டளை. ஒரு குருவானவர் தினமும் உங்கள் பெயரைச் சொல்லிப் பூசை வைப்பார், உலகம் உள்ளவரை. அவருடைய சம்பளம் ஆண்டுக்குப் பத்து மார்க் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்னி (12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). அந்த வருமானம் நிலத்திலிருந்தோ வீட்டு வாடகையிலிருந்தோ வரவேண்டும். இருபது வருட வாடகையே சொத்தின் விலை என்று கணக்குப் போட்டால் 130 பவுண்டுக்கு மேல் முடங்கிவிடும். நல்ல கொத்தனாருக்கே நாள் கூலி ஆறு பென்னிதான் இருந்த காலம் அது. இதில் சட்டச் சிக்கல் வேறு: 1279ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் திருச்சபையின் கைக்குப் போக அரசரின் உரிமம் வேண்டும். லண்டன் குடிமக்களுக்கு மட்டும் இதில் சலுகை இருந்தது.

இவ்வளவு செலவழித்தும் 'என்றென்றைக்கும்' என்ற வாக்குக்கு உத்தரவாதம் கிடையாது. வீடு இடியும், வாடகை விழும், குருவானவர் வேறு வேலை தேடிப் போவார். புனித பவுல் பேராலயத்தில் வருமானம் வற்றிப்போன கட்டளைகளை 1391இல் லண்டன் பிஷப் பிரேபுரூக் ஒன்றோடொன்று சேர்த்தே விட்டார். தனக்கென்று தனிப் பூசை கேட்டவர், முன்பின் தெரியாத ஒருவரோடு அதைப் பங்குபோட வேண்டியதாயிற்று.

சிறு வியாபாரிக்கு இதெல்லாம் எட்டாது. அவருக்கு இருந்தது முப்பது பூசைத் தொகுப்பு. ஒரு பூசைக்கு நான்கு பென்னி என்றால் முப்பதுக்கும் சேர்த்துச் சரியாகப் பத்து ஷில்லிங், கொத்தனாரின் இருபது நாள் கூலி. லண்டனில் நான்கு பெரிய துறவற சபைகளின் மடங்கள் இருந்ததால், பூசைகளைப் பிரித்துக் கொடுத்து வேகமாக முடித்துவிடலாம். வேகம் இங்கே சாதாரண விஷயமில்லை. தண்டனை செத்த கணத்திலேயே தொடங்குகிறது என்று நம்புகிறவருக்கு நூறு வருடம் கழித்து வரும் பூசையைவிட இந்த வாரப் பூசைதான் அவசரம். 'நான் இறந்ததும் கூடிய சீக்கிரம்' என்று பல உயில்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டுக்கும் நடுவில், ஒரே தொழில் செய்யும் வணிகர்களும் கைவினைஞர்களும் சேர்ந்த சங்கம் (கில்டு) நடத்தும் ஆண்டு நினைவு. மாலையில் மரித்தோர் செபம், மறுநாள் காலை பூசை, வந்த உறுப்பினர்களுக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, பீர், ஏழைகளுக்குக் காசு. தீனி போட்டுக் கூட்டம் சேர்ப்பதா என்று சிரிக்கலாம். ஆனால் உயிலை நிறைவேற்ற வேண்டிய மனைவி மறுமணம் செய்துகொண்டு போய்விட்டாலும், சங்கம் அங்கேயே இருக்கும். எனக்கு இது புத்திசாலித்தனமான ஏற்பாடாகத்தான் தெரிகிறது.

அடுத்தது பூசையைச் சுற்றிவந்து அடையும் வழி: தருமம் செய், வாங்கியவர் செபிப்பார். சிறைக் கைதிகளுக்கு உணவு, ஏழைப் பெண்களின் கல்யாணச் செலவு, சேறான சாலைக்குக் கல், எல்லாமே இதில் அடக்கம். 1518இல் இறந்த எசெக்ஸ் துணி வியாபாரி தாமஸ் பேக்காக் சாலைகளுக்கும் பணம் வைத்தார். பெயர் குறிப்பிடாத தன் நெசவாளர்களுக்கும் துணி வெட்டுபவர்களுக்கும் தலைக்குப் பன்னிரண்டு பென்னியும் வைத்தார். அதிலும் தனக்கு நிறைய வேலை செய்தவர்களுக்கு 3 ஷில்லிங் 4 பென்னி. சாகும்போதும் கூலிக் கணக்கு மறக்கவில்லை.

இந்த வழியில் பெரிய பெயர் ரிச்சர்ட் விட்டிங்டன், பட்டு, துணி வணிகர். 1423இல் வாரிசில்லாமல் இறந்தார். அவர் பணத்தில் நியூகேட் சிறை திரும்பக் கட்டப்பட்டது. தேம்ஸ் நதியோரம் 128 இருக்கைகள் கொண்ட பொதுக் கழிப்பறைகூட வந்தது. முக்கியமானவை இரண்டு: குருக்கள் சேர்ந்து வாழ்ந்து செபிக்க ஒரு கல்லூரி, பக்கத்திலேயே பதின்மூன்று ஏழைகளுக்கு ஒரு விடுதி. விடுதிவாசிகளுக்கு வாரம் 14 பென்னி, அவர்களை மேற்பார்த்தவருக்கு மட்டும் 16. பதிலுக்கு அவர்கள் தினமும் கல்லறையைச் சுற்றி நின்று விட்டிங்டனுக்காகவும் மனைவி ஆலிஸுக்காகவும் செபிக்க வேண்டும். பொறுப்பு அவருடைய துணி வணிகர் சங்கமான மெர்சர்ஸ் சங்கத்திடம்.

1547ஆம் ஆண்டுச் சட்டம் இத்தனைக்கும் தேர்வு வைத்தது. ஆன்மாக்களுக்கான பூசை மூடநம்பிக்கை என்று சொல்லி ஆறாம் எட்வர்டின் புராட்டஸ்டன்ட் அரசு கட்டளைச் சொத்துகளைப் பறித்தது. விட்டிங்டனின் குருக்கள் கல்லூரி 1548இல் மூடப்பட்டது. சங்கங்களின் ஆண்டு நினைவுகளுக்கான வாடகையும் அரசிடம் போனது. அதைத் திரும்ப வாங்க லண்டன் சங்கங்கள் 1550இல் 18,000 பவுண்டுக்கு மேல் கொடுத்தன. ஏழைகள் விடுதி தப்பியது. இடம் மாறினாலும் இன்றும் மெர்சர்ஸ் சங்கம்தான் அதை நடத்துகிறது.

ஆகவே விடுதிதான் சிறந்தது என்று முடித்துவிடத் தோன்றும். நம் கண்ணுக்கு அது சரி. ஆனால் விட்டிங்டன் தரப்பு வாங்கியது கட்டடத்தை அல்ல, செபத்தை, அது நின்றுபோனது. அவர்களுடைய கணக்கிலேயே பார்த்தால் பத்து ஷில்லிங் கொடுத்த தையற்காரர்தான் ஏமாறவில்லை. பாடி முடித்த பூசையை எந்த அரசும் பறிமுதல் செய்ய முடியாது. அன்றைக்கு என் கையில் இருபது பவுண்டு இருந்திருந்தால், பாதியை முதல் மாதத்துப் பூசைகளுக்கும் மீதியை லட்கேட் சிறையில் கடனுக்காகக் கிடந்தவர்களை மீட்கவும் எழுதியிருப்பேன். நிலம் வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன்.